நன்றியுரை பாக்கி

அன்றைக்குக் கரட்டூர் மக்கள் மன்றக் கட்டடத்துக்குள் இருந்தவர்கள்: மன்றத் தலைவர் வீரபத்திரன் ஒருவர், செயலாளர் ஜெகதீசன் ஒருவர், கூட்டம் கூடாதீர்கள் என்று கூட்டத்தில் வந்து பேசிய சுகாதார ஆய்வாளர் ஒருவர், ஓய்வூதியர் சங்கத்தில் ஒன்பது பேர், குருதிக் கொடையாளர் கழகத்தில் நான்கு பேர், மகளிர் குழுவில் தலைவி அமலோற்பவத்தையும் சேர்த்து எட்டுப் பேர், தமிழ்ப் பேரவையில் இரண்டு கவிஞர்களும் அவர்களைக் கேட்பதற்கென்று கூட்டி வரப்பட்ட ஒருவரும் ஆக மூன்று பேர், சிரிப்போர் மன்றத்தில் ஏழு பேர், நடைப்பயிற்சிக் கழகத்தில் ஆட்டோவில் வந்து இறங்கியவர்கள் ஐந்து பேர், மைக் செட் காதர்மைதீன் ஒருவர், கட்டடத்தின் சாவியை வைத்திருக்கிற நான் ஒருவன். மொத்தம் நாற்பத்தொருவர். நாற்காலிகள் நாற்பது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து இருபது மார்ச் இருபத்து நான்கு, செவ்வாய்க்கிழமை. மாலை ஆறு மணியிலிருந்து ஐந்து பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக் கூடாது என்று உத்தரவு இருந்ததால், அதை ஊருக்கு எடுத்துச் சொல்ல நான்கு மணிக்கே நாற்பத்தொரு பேர் கூடினார்கள். நிகழ்ச்சி நிரலை ஜெகதீசன் தன்னுடைய ஜெராக்ஸ் கடையிலேயே அச்சடித்துக் கதவில் ஒட்டியிருந்தார். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை போர்த்துதல், கவியரங்கம், தேநீர், கருத்துரைகள், நன்றியுரை. வழக்கமாக நன்றி சொல்லும் ஓய்வூதியர் சங்கத் துணைத் தலைவருக்கு அன்று இருமல் என்பதால், பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக என் பெயரைப் போட்டிருந்தார்கள். கடைசி வரி: நன்றியுரை, கோ. அய்யம்பெருமாள், கட்டடக் காப்பாளர்.

நன்றியுரை எங்கள் ஊரில் லேசான காரியம் இல்லை. தலைமையுரையில் என்ன பேசினாலும் யாருக்கும் ஞாபகம் இருக்காது. நன்றியுரையில் ஒரு பெயர் விட்டுப்போனால் அது தலைமுறைக்கும் நிற்கும். ஆறு வருடத்துக்கு முந்தைய ஆண்டு விழாவில் தண்ணீர் கேன் போடும் தெய்வேந்திரன் பெயர் விட்டுப்போனது. அன்றிலிருந்து அவர் எங்கள் கட்டடத்துக்கு இடப்பக்கத்துக் கடைக்கும் வலப்பக்கத்துக் கடைக்கும் கேன் இறக்குகிறார், நடுவில் இருக்கிற எங்களைப் பார்ப்பதில்லை. அதனால் நான் முதல் நாளே உட்கார்ந்து, வரக்கூடியவர்கள் பெயரையெல்லாம் கோடு போட்ட தாளில் எழுதி, வந்தபின் சரிபார்த்து, நன்றி சொல்கிறவன் தனக்குத் தானே நன்றி சொல்லிக்கொள்ளும் வழக்கம் இல்லாததால் என்னைக் கழித்து, நாற்பது பெயரைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். தாள் வேர்வையில் நனைந்துகொண்டிருந்தது. மைக் முன்னால் நான் அதுவரை நின்றதே இல்லை, மைக்கைத் துடைத்ததைத் தவிர.

அன்று முழுவதும் நான் வாய் திறந்தது ஒரே முறை. ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு வாசலில் நின்றபடி, "டீ வந்திருச்சுங்க" என்றேன். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஆனால் சிரிப்போர் மன்றத்துச் சீனிச்சாமி, ஜன்னலோரம் மூன்றாவது நாற்காலியில் இருந்தவர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், அடிவயிற்றிலிருந்து சிரித்தார். அவர் அப்படித்தான். நகைச்சுவை சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிடுவார்; கவியரங்கத்திலும் சிரிப்பார்; இரங்கல் கூட்டத்தில் ஒரு முறை சிரித்து, ஆறு மாதம் விலக்கி வைக்கப்பட்டார். அன்றைக்கு மொத்தம் பதினொரு முறை சிரித்தார். டீக்குச் சிரித்ததுதான் பெரியது.

ஐந்தே முக்காலுக்கு, ஓய்வூதியர் சங்கத்துக்காரர் ஒருவர் கருத்துரையில் 'ஆகவே அன்பர்களே' என்று சொல்லும்போது, போலீஸ் ஜீப் ஒலிபெருக்கியோடு தெருவுக்குள் திரும்பியது. அவ்வளவுதான். உயிருக்கு அஞ்சாமல் சேவை செய்வோம் என்று ஐந்து நிமிடத்துக்கு முன்னால் கை உயர்த்திய நாற்பது பேரும் பின்வாசல் வழியாகப் போனார்கள். நடைப்பயிற்சிக் கழகத்தார் ஓடி நான் பார்த்தது அன்றுதான். நன்றியுரை சொல்லாமலே கூட்டம் போய்விட்டது. நான் கதவைப் பூட்டினேன். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகத்தான் பூட்டினேன்.

மறுநாள் நான்கு மணிக்குப் பூட்டைப் பார்த்துவரப் போனபோது, உள்ளே வீரபத்திரன் தலைமையுரை ஆற்றிக்கொண்டிருந்தார். காற்றுக்காகத் திறந்து வைத்திருந்த ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். நாற்காலிகள் நாற்பது, போட்டது போட்டபடி. ஆள் இல்லை. மைக் செட்டைக் காதர்மைதீன் நேற்றே தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார். ஆக, கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நடக்காமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. யாரும் அதை முடித்து வைக்கவில்லையே. சாவியைப் போட்டேன், பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. பின்வாசலும் அப்படியே. கூட்டம் நடக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு வருவது மரியாதை இல்லை என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன், கதவும் கேட்டிருக்கும்.

தலைவருக்குப் போன் போட்டேன்.

"யோவ் அய்யம்பெருமாளு, நான் வீட்டுல கட்டில்ல கெடக்கேன். அங்க யாருய்யா பேசுறது?"

"நீங்கதாங்க."

கட்டில் கிறீச்சிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லா பேசுறனா?" என்று கேட்டார்.

ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது, ஒரு மாதத்தில் ஊருக்குப் பழகிவிட்டது. தினமும் நான்கு மணிக்குக் கூட்டம் தொடங்கும், ஐந்து ஐந்துக்கு என் குரல் டீ வந்ததைச் சொல்லும், நாற்பது பேர் உறிஞ்சும் சத்தம் கேட்கும், ஐந்தே முக்காலுக்கு 'ஆகவே அன்பர்களே' என்பதோடு நின்றுபோகும். பேச்சு அதே பேச்சா புதுப் பேச்சா என்று எவராலும் சொல்ல முடியவில்லை, முன்பும் முடிந்ததில்லை. வீரபத்திரன் பால் வாங்கப் போகிற பாவனையில் தினமும் வந்து, முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே நின்று தன் தலைமையுரையைக் கேட்டார். அதுவரை பேசிக்கொண்டே இருந்ததால் அவருக்கு அதைக் கேட்க வாய்த்ததில்லை. சில இடங்களில் கை தட்டினார்.

காவல் நிலையத்திலிருந்து வந்த எஸ்.ஐ. ஒருவர் கூட்டத்தைக் கலைக்க லத்தியால் கதவைத் தட்டினார். உள்ளே 'அமைதி, அமைதி' என்று ஜெகதீசன் குரல் கேட்டது. "எத்தன பேரு உள்ள?" என்றார் என்னிடம். "நாற்காலி நாப்பதுங்க, ஆளு யாருமில்ல" என்றேன். யோசித்தார். சட்டம் ஆளுக்குத்தான், நாற்காலிக்கு இல்லை. ஆனாலும் வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று, ஜன்னலில் வாயை வைத்து, "எல்லாரும் மாஸ்க்கப் போடுங்க!" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். உள்ளிருந்த குரல்கள் சட்டத்தை மதிப்பவை. அடுத்த இரண்டு நாள் எல்லாம் துணிக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தன. மூன்றாம் நாள் எல்லோரையும் போல அவையும் தாடைக்கு இறக்கிக்கொண்டன.

ஜெகதீசன் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து ஜன்னல் பக்கம் போட்டு உட்கார்ந்து, உள்ளே நிறைவேறும் தீர்மானங்களையெல்லாம் நோட்டில் எழுதினார். பொதுமுடக்கத்தின்போது நிறைவேறியவை அறுபத்திரண்டு. கொரோனா நோயை இம்மன்றம் வன்மையாகக் கண்டிக்கிறது என்பது முதலாவது. ஏழாவதும் இருபத்தெட்டாவதும் அதுவே. ஆள் இருந்து நடந்த வருடங்களின் நோட்டையும் இந்த நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கையெழுத்து ஒன்றுதான், விஷயமும் ஒன்றுதான். இந்த வருடம் மிக்சர் மிச்சம்.

மேலிடத்திலிருந்து சமுதாயக் கட்டடங்களைப் பராமரிக்கும் விதிமுறை என்று நான்கு பக்கம் வந்தது. வாசலில் கை கழுவ வாளியும் சோப்பும் வைக்க வேண்டும்; வைத்தேன். ஒன்று விட்டு ஒரு நாற்காலியில் 'இங்கே அமராதீர்கள்' என்று பெருக்கல் குறி ஒட்ட வேண்டும். ஸ்டிக்கர் இருபது வந்தது, கதவு திறக்காததால் என்னிடமே இருந்தது. உள்ளே நுழைகிறவர்களுக்கு வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும். நுழைகிறவர் இல்லை. வெப்பமானியைக் கொடுத்தபின் பார்க்காமல் இருப்பது சரியில்லை என்று, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, எட்டுகிற ஒரே நாற்காலியான மூன்றாவது நாற்காலியைத் தினமும் நாலரைக்குப் பார்த்து எழுதினேன். தொண்ணூற்றெட்டுப் புள்ளி நான்கு. ஒரு நாளும் மாறவில்லை.

இதற்கிடையில் அமலோற்பவம் மட்டும் கட்டடத்தைக் கட்டடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நோய் வந்து வீட்டுக்குள் அடைக்கப்பட்ட எண்பத்தாறு வீட்டுக்கு அவருடைய குழு மூன்று வேளையும் சமைத்தது. இடமில்லாமல் தன் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு, அதற்கடியில் எட்டுப் பெண்களும் வெந்தார்கள். மூவாயிரத்து இருநூறு முகக்கவசம் தைத்தார்கள். அதற்காக உள்ளே அவர்களைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேறியது, அவர்கள் குரலிலேயே, ஒருமனதாக.

"அண்ணே, ஒரு வருசத்துல நான் இவ்வளவு பேசுனதே இல்ல, எங்கொரலு உள்ள உக்காந்து பேசிக்கிட்டே இருக்கு. அதுக்கு வேலை இல்ல, பேசுது" என்று சிரித்துவிட்டுப் போவார்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி சீனிச்சாமி இறந்துபோனார். மாவட்டத் தலைநகரில் ஆஸ்பத்திரியில் பதினாறு நாள். யாரையும் பக்கத்தில் விடவில்லை. பொதிந்து கொண்டுவந்தார்கள், நாலு பேர் தூரத்தில் நின்றார்கள், முகத்தைத் திறக்கவில்லை. அன்று மாலை நான்கு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. ஐந்து ஐந்துக்கு என் குரல், "டீ வந்திருச்சுங்க." சீனிச்சாமி சிரித்தார்.

நான் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பதினேழாம் நாள் அவர் மனைவி ராமுத்தாய் வந்தார். சொன்னது யாரென்று தெரியாது, நான் இல்லை. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு ஆறடி தள்ளி, கையில் வைத்திருந்த கூடையைக் கீழே வைக்காமல் நின்றார். பதினொரு சிரிப்பும் முடிகிற வரை நின்றார்.

"இந்தச் சிரிப்புக்குத்தான்ணே நாப்பது வருசம் வஞ்சேன். எழவு வீட்டுல சிரிச்சாரு, எம் பெரியம்மா செத்தன்னிக்கு. அதுக்கு ஒரு வாரம் சோறு போடல நானு."

நாலரைக்குப் பார்த்ததைச் சரிபார்க்க, நான் மறுபடியும் வெப்பமானியை உள்ளே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது அவுக நாக்காலியா?"

"ஆமா."

"சுடுதா?"

"தொண்ணூத்தெட்டுப் புள்ளி நாலு. காச்சல் இல்ல."

அவர் கூடையைக் கீழே வைத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பதினாறு நாளும் அவருக்குக் கிடைக்காத செய்தி அது. அதன்பின் தினமும் நாலரைக்கு வந்தார். "என்ன இருக்கு?" என்பார். சொல்வேன். "காச்சல் இல்ல" என்று தானே சொல்லிக்கொள்வார். படியின் அந்த ஓரத்தில் அவர், இந்த ஓரத்தில் நான். வேறு பேச்சு கிடையாது.

டிசம்பரில் தமிழ்ப் பேரவைக் கவிஞர் கரடுநிலவனும் இறந்தார். உள்ளே அவருடைய கவிதை நின்றபாடில்லை. அவர் மனைவி மல்லிகேஸ்வரி ஒரே ஒரு நாள் வந்து பாதிக் கவிதை கேட்டார். "வீட்டுல முப்பது வருசம் கேட்டாச்சு. அவரு போயும் இது போகலியாக்கும்" என்று சொல்லிவிட்டு, ராமுத்தாயைப் பார்த்து, "உனக்குச் சிரிப்பாச்சும் கெடச்சது தாயீ" என்று போய்விட்டார்.

கதவைத் திறக்க நிர்வாகக் குழு சும்மா இருந்ததாகச் சொல்லக் கூடாது. ஆசாரியை வைத்துக் கீலைக் கழற்றப் பார்த்தார்கள். கீல் கழன்றது, கதவு நின்றது. ஐயரை வைத்து வாசலில் ஹோமம் வளர்த்தார்கள், உள்ளே ஓய்வூதியர்கள் இருமினார்கள். கடைசியாக வாட்ஸ்அப் குழுவில், இக்கூட்டம் உடனடியாக முடிவுக்கு வர வேண்டும் என்று தீர்மானம் போட்டு, வீரபத்திரனே ஜன்னலில் நின்று வாசித்தார். உள்ளே வீரபத்திரன் குரல் அதைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தது. வெளியே இருந்த வீரபத்திரன் தலையை ஆட்டி, "நடைமுறை சரிதான்" என்றார்.

ஏன் முடியவில்லை என்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். கதவிலேயே ஒட்டியிருந்தது. நானூறு நாளுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் அந்த நிரல் கதவில் இருந்தது, ஊரே வந்து வந்து அதன் முன்னால் நின்றது. ஆனால் எங்கள் ஊரில் நோட்டீஸை எல்லோரும் தங்கள் பெயர் வருகிற வரைக்கும்தான் படிப்பார்கள். என் பெயர் கடைசியில் இருந்ததால் அங்கே யாரும் வந்து சேரவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் நான்கு மாதம் சொல்லாததற்குக் காரணம் மைக். ஆகஸ்டுக்குப் பிறகு காரணம் வேறு.

இரண்டாயிரத்து இருபத்தொன்று ஜூன் மாதம் தடுப்பூசி முகாம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிற்க இடமில்லை, பள்ளிக்கூடம் நோயாளிகளுக்குப் போய்விட்டது, தகரக் கொட்டகையில் வெயில் தாங்காமல் முதல் நாள் வந்த கிழவி ஒருத்தி மயங்கி விழுந்தாள். பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை முன்னூறு பேருக்கு ஊசி வருகிறது, காற்றோட்டமான இடம் காட்டினால் இங்கே, இல்லாவிட்டால் அடுத்த ஊருக்கு என்று சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டாம் தேதி காலையில் அமலோற்பவம் தனியாக வந்தார். கதவு முன்னால் நின்றார். அவர் பெயர் நிரலில் எங்குமே இல்லை, மகளிர் குழு பெயரைப் போட மறந்திருந்தார்கள். அதனால் தன் பெயரைத் தேடிக்கொண்டே கடைசி வரிக்குப் போய்விட்டார்.

"அண்ணே. இங்க வாங்க."

போனேன்.

"கோ. அய்யம்பெருமாள் யாரு?"

"நாந்தான்."

"நன்றி சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"இந்த ஒண்ணே கால் வருசமா?"

நான் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினேன். மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி வைத்திருந்தேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படியின் அந்த ஓரத்தில் ராமுத்தாய் உட்காரும் இடத்தைப் பார்த்தார். திட்டத்தான் வாயைத் திறந்தார். திட்டவில்லை.

"நாளைக்கு முன்னூறு பேருண்ணே" என்று மட்டும் சொன்னார்.

நாலரைக்கு ராமுத்தாய் வந்தபோது விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டார், என்ன இருக்கு என்று. சொன்னேன். காய்ச்சல் இல்லை என்று சொல்லிக்கொண்டார். பிறகு கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு:

"பேரு சொன்னா போயிருவாகளா?"

"அப்படித்தான் நெனைக்கேன்."

"கதவு தொறக்கணும்ணே. எந்தங்கச்சிக்கும் நாளைக்குத்தான் ஊசி. நான் வேணாம்னு சொல்ல மாட்டேன்." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆனா கண்டக்டரு எப்பவும் கடைசியாத்தான் எறங்குவாக. எல்லாரையும் எறக்கி, சீட்டுக்கு அடியில குனிஞ்சு பாத்துட்டு, அப்புறந்தான் வீட்டுக்கு வருவாக. கடைசியாச் சொல்லுங்க."

தாளில் பதினேழாவதாக இருந்த பெயரை அடித்து, நாற்பதாவதாக எழுதினேன்.

ஐந்தரைக்குத் தெருவே வந்துவிட்டது, ஆறடி இடைவெளி விட்டு, அதாவது ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு. காதர்மைதீன் மைக்கைக் கொண்டுவந்து ஜன்னல் முன்னால் வைத்தார். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார் வெளியே. உள்ளேயும் அதையே சொன்னார். வீரபத்திரன் என் காதில், "ஆரம்பத்துல தலைவரைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுய்யா" என்றார். உள்ளே கருத்துரை நடந்துகொண்டிருந்தது. 'ஆகவே அன்பர்களே' என்றது. அதற்குமேல் அதற்குத் தெரியாது. நின்றது.

மைக்கை ஒரு முறை துடைத்தேன். நாற்பத்தைந்து வரை எண்ணினேன். எண்ணினால் எனக்குக் கொஞ்சம் சரியாகும்.

"மன்றத் தலைவர் வீரபத்திரன் அவர்களுக்கு நன்றி" என்றேன்.

உள்ளே ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. ஜன்னல் வழியாக வெதுவெதுப்பாக ஒரு காற்று வந்து என்னைத் தாண்டிப் போனது. எனக்குப் பின்னால் வீரபத்திரன் ஏப்பம் விட்டார். அவ்வளவுதான், அவர் குரல் அவரிடம் போய்ச் சேர்ந்தது. ஜெகதீசனுக்கு நன்றி, விக்கினார். சுகாதார ஆய்வாளர் மாற்றலாகி இருநூறு மைலுக்கு அப்பால் இருந்தார். அவருடைய காற்று பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பியது. ஓய்வூதியர் ஒன்பது பேருக்கும் ஒவ்வொருவராக. குருதிக் கொடையாளர் நால்வருக்கு. மகளிர் குழு எட்டுப் பேருக்கு. அமலோற்பவத்துக்கு ஒரே ஒரு தும்மல் வந்தது, "அப்பாடா" என்றார். கவிஞர் கரடுநிலவனுக்கு நன்றி என்றதும் காற்று யாரிடமும் போகாமல் மேலே எழுந்தது, வேப்பமரத்தின் இலை ஒரு தடவை புரண்டது. கூட்டத்திலிருந்து மல்லிகேஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன்.

பேரவையில் மீதி இரண்டு பேர், நடைப்பயிற்சிக் கழகம், காதர்மைதீன், சிரிப்போர் மன்றத்தில் ஆறு பேர். முப்பத்தொன்பது. உள்ளே முப்பத்தொன்பது நாற்காலி பின்னால் நகர்ந்திருந்தது. ஜன்னலோரம் மூன்றாவது மட்டும் போட்ட இடத்தில் இருந்தது.

நாற்பதாவது பெயரைப் பார்த்தேன். என் கையெழுத்துத்தான். ராமுத்தாய் கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான் படிக்க வசதியாக என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பெயர் விட்டுப்போனால் கதவு திறக்காமல் போகலாம், நாளைக்கு முன்னூறு பேரும் அடுத்த ஊருக்கு வெயிலில் நடக்கலாம். அதுவும் எனக்குத் தெரியும். பத்தொன்பது வருடத்தில் நாற்காலிக் கணக்கில்கூட நான் ஒன்றை விட்டதில்லை.

தாளை நான்காக மடித்தேன்.

"இத்துடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது" என்றேன்.

கதவு திறந்தது. தானாகத்தான் திறந்தது, கீல் இல்லாததால் சாய்ந்து விழுந்தது என்றும் சொல்லலாம்.

"யோவ்!" என்றார் ஜெகதீசன். "சீனிச்சாமி பேரு விட்டுப்போச்சுய்யா! செத்துப்போன மனுசன்யா!"

"விட்டுப்போச்சுங்க" என்றேன்.

ராமுத்தாய் நிமிர்ந்து பார்த்தார். கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார், வேகமாக.

மறுநாள், குப்பியில் மிச்சம் பிடித்ததையும் சேர்த்து, முன்னூற்றுப் பதினெட்டுப் பேருக்கு ஊசி போட்டார்கள். ஒன்று விட்டு ஒரு நாற்காலியில் பெருக்கல் குறி ஒட்டினேன். முதல் ஸ்டிக்கரை ஜன்னலோரம் மூன்றாவதில் ஒட்டினேன். ராமுத்தாய் தங்கச்சியோடு வந்து, தங்கச்சியை வரிசைக்கு அனுப்பிவிட்டு, நான்காவதில் உட்கார்ந்தார். ஐந்து ஐந்துக்கு, நான் வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருக்கும்போதே, மண்டபத்துக்குள் என் குரல், "டீ வந்திருச்சுங்க" என்றது. ஊசி போட்ட கையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் டீயைத் தேடித் திரும்பினார்கள். மூன்றாவது நாற்காலியிலிருந்து அடிவயிற்றுச் சிரிப்பு வந்தது. டீ இல்லாதது அமலோற்பவத்துக்குக் கேவலமாகப் போய்விட்டதால், அடுத்த முகாமிலிருந்து டீ உண்டு.

அந்த மாதக் கடைசியில் நிர்வாகக் குழு கூடி, மறைந்த உறுப்பினரின் பெயரை நன்றியுரையில் விட்டதற்காக என்னைக் கண்டித்துத் தீர்மானம் கொண்டுவந்தது. வீரபத்திரன் எழுந்து, "மிகுந்த வேதனையோடு" என்று ஆரம்பித்தார். மூன்றாவது நாற்காலியிலிருந்து சிரிப்பு வந்தது. மீண்டும் ஆரம்பித்தார், மீண்டும் வந்தது. தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது, இன்றுவரை அடுத்த கூட்டத்திலேயே இருக்கிறது. இப்போதெல்லாம் எங்கள் மன்றத்தில் தலைமையுரை ஆறு நிமிடம்தான். முன்பு ஐம்பது.

இடைவெளி விதி போய், மற்ற பத்தொன்பது நாற்காலியிலும் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டேன். மூன்றாவதில் எடுக்கவில்லை. யார் கேட்டாலும் கால் ஆடுகிறது என்கிறேன். ராமுத்தாய் நாலரைக்கு வந்து நான்காவதில் உட்கார்கிறார். வெப்பமானி பேட்டரி தீர்ந்துவிட்டது. அவர் கையை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்.

என் குரல் எப்படி உள்ளேயே தங்கியது என்று காதர்மைதீன் ஒரு நாள் கேட்டார். நன்றி சொன்னவனுக்கு யார் நன்றி சொல்வார்கள். எந்த நிரலிலும் அப்படி ஒரு வரி கிடையாது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அன்று வந்தவர்கள் நாற்பத்தொருவர். நன்றி பெற்றுக் கலைந்தவர்கள் முப்பத்தொன்பது. மீதி இரண்டு.